சார், ஒன்று குறைகிறது

வயிற்றைத் திறந்து செய்யும் அறுவை சிகிச்சைகளில் ரத்தத்தை ஒற்றவும் குடலை ஒதுக்கிப் பிடிக்கவும் பயன்படும் பெரிய துணியை மாப் என்போம். ஐந்து ஐந்தாகக் கட்டி வரும். கட்டை அவிழ்த்ததும் ஒவ்வொன்றாகப் பிரித்து, மருத்துவர் அருகே நின்று கருவி கொடுக்கும் ஸ்க்ரப் நர்ஸும், கிருமி நீக்கிய பகுதிக்கு வெளியே நின்று உதவும் சர்க்குலேட்டிங் நர்ஸும் சேர்ந்து வாய்விட்டு எண்ணி, பலகையில் எழுத வேண்டும். கத்தி வைக்கும் முன் ஒருமுறை, வயிற்றை மூடும் முன் ஒருமுறை, தோலைத் தைக்கும் முன் ஒருமுறை. ரத்தத்தில் ஊறிய மாப் உள்ளே குடலோடு குடலாகச் சுருண்டு கிடந்தால் பழகிய கண்ணுக்கும் தெரியாது. எக்ஸ்ரேயிலாவது தெரியட்டும் என்றுதான் அதில் ஒரு தனி இழை சேர்த்திருப்பார்கள்.

நான் தியேட்டர் நர்ஸாகச் சேர்ந்து மூன்றாவது வருடம். வயிற்றை மூடப் போகும் நேரம். என் எண்ணிக்கையில் ஒன்பதுதான் வந்தது, பலகையில் பத்து என்று இருந்தது. "சார், ஒன்று குறைகிறது" என்றேன். மருத்துவர் ஊசியைக் கீழே வைத்தார். வயிற்றுக்குள் கையை விட்டு எல்லா மூலைகளிலும் தேடினார். வெளியே இருந்த சிஸ்டர் வாளியில் கிடந்ததை எல்லாம் தரையில் பரப்பினார். இரண்டு மாப்கள் ரத்தம் உறைந்து ஒன்றோடொன்று ஒட்டி, ஒரே மாப் போலக் கிடந்தன. பத்தும் இருந்தன. தவறு எங்களுடையதுதான்.

"பத்து வரை எண்ணத் தெரியாதவங்களை எல்லாம் யார் உள்ளே விட்டது?" என்றார் அவர். சத்தம் போடவில்லை, சாதாரணக் குரலில்தான் சொன்னார். அறையில் எட்டுப் பேர் இருந்தோம். மயக்க மருந்து மருத்துவர் மானிட்டரைப் பார்த்துக்கொண்டிருந்தார். டெக்னீஷியன் எதற்காகவோ குனிந்தார். அப்புறம் தையல் தொடர்ந்தது. நான் நூல் கோத்துக் கொடுத்துக்கொண்டே இருந்தேன், கை நடுங்காமல் பார்த்துக்கொள்வதே பெரும்பாடாக இருந்தது.

அன்று இரவெல்லாம் யோசித்துவிட்டு நான் எடுத்த முடிவு, நூறு சதவீதம் நிச்சயமாகத் தெரிந்தால் மட்டும் வாயைத் திறப்பது என்பது. அந்த முடிவு எவ்வளவு ஆபத்தானது என்று அப்போது எனக்குப் புரியவில்லை. பொறுப்பான முடிவாகவே தோன்றியது.

எட்டு மாதம் கழித்து அதே மருத்துவரோடு ஒரு ஹெர்னியா கேஸ். உள்ளே மெஷ் என்ற செயற்கை வலை வைக்கப் போகிறார். விளக்கைத் திருப்பக் கையை உயர்த்தியபோது, அவருடைய கிளவுஸின் பின்புறம் விளக்கின் விளிம்பில், கிருமி நீக்கப்படாத பகுதியில் உரசியதைப் பார்த்தேன். பார்த்தேன் என்றுதான் நினைக்கிறேன். கண்ணிமைக்கும் நேரம். தொண்ணூறு சதவீதம் நிச்சயம், ஆனால் என் முடிவுப்படி தொண்ணூறு போதாது. "சார், கிளவுஸ் மாத்திக்கலாமா?" என்று கேட்டிருக்கலாம், மாற்றுவதற்கு ஒரு நிமிடம் ஆகியிருக்கும். நான் கேட்கவில்லை. மெஷ் பாக்கெட்டை வாங்கி அவர் கையில் கொடுத்தேன்.

ஆறாம் நாள் அந்த நோயாளியின் காயத்தில் சீழ் பிடித்தது. பல வாரங்கள் மருந்து கொடுத்துப் பார்த்துவிட்டு, மறுபடி திறந்து மெஷ்ஷை எடுக்க வேண்டியதாயிற்று. அந்த உரசலால்தான் வந்தது என்று யாராலும் சொல்ல முடியாது. காயத்தில் கிருமி சேர வழிகள் பல. ஆனால் அவர் தள்ளுவண்டியில் இரண்டாம் முறை உள்ளே வந்தபோது என்னைப் பார்த்து, "நீங்கதானே சிஸ்டர் அன்னைக்கும் இருந்தீங்க? நல்லபடியா ஆகிடும்ல?" என்று கேட்டார். ஆமாம் என்றேன். அந்த ஆமாம் இன்றும் எனக்குள் கிடக்கிறது.

இருபது வருடங்களாகத் தியேட்டரில் இருக்கிறேன். நோயாளி பாதுகாப்பு பற்றிய எத்தனையோ வகுப்புகளில் உட்கார்ந்திருக்கிறேன். எல்லாவற்றிலும் எங்களுக்குச் சொல்லப்படுவது ஒன்றுதான்: பேசுங்கள், தயங்காதீர்கள், தைரியமாகச் சொல்லுங்கள். எப்படிச் சொல்வது என்று படிப்படியாகக்கூடக் கற்றுத் தருகிறார்கள். முதலில் "எனக்குக் கவலையாக இருக்கிறது" என்று சொல்ல வேண்டும். கேட்காவிட்டால் "எனக்கு இது சரியாகப் படவில்லை". அதற்கும் கேட்காவிட்டால் "இது நோயாளியின் பாதுகாப்பு சம்பந்தப்பட்டது, நிறுத்துங்கள்". நல்ல பயிற்சிதான், நானே பல பேருக்குச் சொல்லிக் கொடுத்திருக்கிறேன். ஆனால் இந்த வகுப்புகளில் உட்காருவது பெரும்பாலும் நர்ஸுகள், டெக்னீஷியன்கள், பயிற்சி மருத்துவர்கள். சொல்கிறவருக்கு இத்தனை பாடம். கேட்கிறவருக்கு? ஒருவர் வாய் திறந்த அடுத்த இரண்டு விநாடிகளில் மேலே இருப்பவர் முகத்தில் என்ன வருகிறது, வாயில் என்ன வருகிறது என்பதற்குப் பயிற்சி கொடுத்து நான் அதிகம் பார்த்ததில்லை. அதிலும் சொன்னவர் சொன்னது தவறாக இருந்தால் அவருக்கு என்ன பதில் கிடைக்கிறது என்பதை யாரும் கணக்கிலேயே எடுப்பதில்லை. என் அனுபவத்தில் ஒரு தியேட்டரின் பாதுகாப்பு அந்த இடத்தில்தான் முடிவாகிறது.

எலைன் புரோமிலி என்ற பெண்ணின் கதை மயக்க மருந்துத் துறையில் இருப்பவர்களுக்குத் தெரியும். 2005 மார்ச் 29 அன்று, இங்கிலாந்தில், சைனஸ் தொடர்பான சாதாரண அறுவைக்காகச் சேர்ந்தார். வயது 37, இரண்டு குழந்தைகளின் தாய். மயக்கம் கொடுத்ததும் மூச்சுப் பாதை அடைபட்டது. குழாயும் செருக முடியவில்லை, முகமூடி வழியாகக் காற்றும் போகவில்லை. அறையில் இருந்த மூத்த மருத்துவர்கள் மூவரும் அனுபவசாலிகள், நல்ல பெயர் உள்ளவர்கள். குழாய் செருகும் முயற்சியிலேயே நிமிடங்கள் கரைந்தன. அந்த நிலையில் செய்ய வேண்டியது கழுத்தில் துளையிட்டுக் காற்றுக்கு வழி செய்வது. அது அங்கிருந்த நர்ஸுகளுக்குத் தெரிந்திருந்தது. ஒருவர் அதற்கான டிராக்கியாஸ்டமி செட்டைக் கொண்டுவந்து, கொண்டுவந்திருப்பதாகச் சொன்னார். யாரும் திரும்பவில்லை. இன்னொருவர் தீவிர சிகிச்சைப் பிரிவில் படுக்கைக்குச் சொல்லிவிட்டு வந்து, படுக்கை தயார் என்றார். "எதற்கு இவ்வளவு பதற்றம்?" என்பது போல மருத்துவர்கள் பார்த்தார்கள். அவர் திரும்பிப் போய், படுக்கை வேண்டாம் என்று சொல்லிவிட்டார். மூளைக்கு ஆக்சிஜன் போகாமல் பாதிக்கப்பட்ட எலைன், சில நாட்களில் இறந்துபோனார்.

அந்தப் பார்வையை நினைத்துப் பாருங்கள். திட்டவில்லை, ஒரு வார்த்தைகூடச் சொல்லவில்லை. சரியான காரியத்தைச் செய்துவிட்டு வந்த ஒரு நர்ஸ், தன் கையாலேயே அதைத் திருப்பி எடுக்க அந்தப் பார்வை போதுமானதாக இருந்தது. இந்தக் கதையை முதன்முதலில் கேட்டபோது நான் வகுப்பிலிருந்து எழுந்து வெளியே போய்விட்டேன். படுக்கை வேண்டாம் என்று போனில் சொன்ன அந்தக் குரல் என் குரலாகவே கேட்டது.

எலைனின் கணவர் மார்ட்டின் ஒரு விமானி. யாரைத் தண்டிப்பது என்பதில் நிற்காமல், விமானத் துறையில் விபத்துகளை ஆராய்வதைப் போல இதை ஆராய வேண்டும் என்று கேட்டார். 2007இல் மருத்துவத்தில் மனிதக் காரணிகளுக்கென்றே, அதாவது மனிதர்கள் வேலையில் எப்படித் தவறுகிறார்கள், எப்படிச் சேர்ந்து இயங்குகிறார்கள் என்பதைப் பார்ப்பதற்கென்றே ஓர் அமைப்பைத் தொடங்கினார். விமானத் துறை இந்தப் பாடத்தைக் கற்ற விதமும் கொடியதுதான். 1977இல் டெனரீஃப் தீவில் ஓடுபாதையிலேயே இரண்டு பெரிய விமானங்கள் மோதி 583 பேர் இறந்தார்கள். புறப்பட ஓடிக்கொண்டிருந்த விமானத்தின் பொறியாளர், எதிரே இருக்கும் விமானம் பாதையை விட்டு விலகிவிட்டதா என்று சந்தேகத்தோடு கேட்டார். கேப்டன் அழுத்தமாக ஆமாம் என்றார். பொறியாளர் மறுபடி கேட்கவில்லை. அவர் பேசாமல் இருந்தார் என்று யாரும் சொல்ல முடியாது, பேசினார். கிடைத்த பதில் இரண்டாவது கேள்வியைச் சாப்பிட்டுவிட்டது. அதன் பிறகு வந்த விமானிப் பயிற்சிகளில் இளையவர்களைப் பேசச் சொன்னதோடு, கேப்டன்களைக் கேட்கவும் பழக்கினார்கள்.

2000இல் வெளியான ஓர் ஆய்வு விமானிகளிடமும் மருத்துவர்களிடமும் ஒரே கேள்விகளைக் கேட்டது. இளையவர் மூத்தவரின் முடிவைக் கேள்வி கேட்கக் கூடாது என்பதை ஏற்காதவர்கள் விமானிகளில் 94 சதவீதம், மூத்த அறுவை மருத்துவர்களில் 55 சதவீதம். களைத்திருந்தாலும் என்னால் நன்றாக வேலை செய்ய முடியும் என்று சொன்னவர்கள் விமானிகளில் 26 சதவீதம், அறுவை மருத்துவர்களில் 70 சதவீதம். இரண்டாவது கணக்குதான் என்னை அதிகம் உறுத்துகிறது. தான் களைக்கமாட்டேன் என்று நம்புகிறவர் தன்னைத் திருத்த இன்னொருவர் தேவை என்று எப்படி நினைப்பார்?

2006இல் வெளியான ஓர் ஆய்வில், அமெரிக்காவில் 60 மருத்துவமனைகளின் தியேட்டர்களில் ஒருவரோடு ஒருவர் சேர்ந்து வேலை செய்வது எப்படி இருக்கிறது என்று கேட்டார்கள். நர்ஸுகளுடன் நன்றாக ஒத்துப்போகிறது என்றார்கள் அறுவை மருத்துவர்களில் மிகப் பெரும்பாலோர். மருத்துவர்களைப் பற்றி அதே பதிலைச் சொன்ன நர்ஸுகள் ஏறக்குறைய பாதிதான். ஒரே அறை, ஒரே மேசை, ஒரே நோயாளி. மருத்துவர்கள் பொய் சொல்லவில்லை என்றே நம்புகிறேன். கேட்டதெல்லாம் கைக்கு வந்தது, யாரும் மறுத்துப் பேசவில்லை, ஆகவே நல்ல குழு. மேலே நின்று பார்த்தால் அமைதியும் ஒற்றுமையும் ஒரே மாதிரிதான் தெரியும்.

இதற்கு நேர்மாறான ஒரு வேடிக்கையும் உண்டு. எமி எட்மண்ட்சன் என்ற ஆய்வாளர் 1990களில் மருத்துவமனை வார்டுகளில் மருந்துப் பிழைகளை ஆராய்ந்தார். நன்றாகச் செயல்படும் குழுவில் பிழை குறைவாக இருக்கும் என்று எதிர்பார்த்தார். கணக்கு தலைகீழாக வந்தது: நல்ல குழுக்களில்தான் பிழைகள் அதிகம் பதிவாகியிருந்தன. ஆழமாகப் பார்த்தபோதுதான் காரணம் புரிந்தது. அவர்கள் பிழையை வெளியே சொன்னார்கள். மற்ற வார்டுகளில் சொல்ல பயந்தார்கள். மாதக் கூட்டத்தில் "எங்கள் தியேட்டரில் இந்த மாதம் ஒரு இன்சிடென்ட் ரிப்போர்ட்கூட இல்லை" என்று பெருமையாகச் சொல்பவரைக் கண்டால் எனக்கு இப்போது வயிற்றைக் கலக்கும்.

செக்லிஸ்ட் பற்றிச் சொல்லாமல் இதை முடிக்க முடியாது. அறுவை சிகிச்சையின்போது சரிபார்க்க வேண்டியவை என்று உலக சுகாதார நிறுவனம் 2008இல் வெளியிட்ட 19 அம்சப் பட்டியல் அது. மயக்கம் கொடுக்கும் முன், கத்தி வைக்கும் முன் (இதை டைம் அவுட் என்போம்), நோயாளி தியேட்டரை விட்டுப் போகும் முன் என்று மூன்று கட்டங்கள். எட்டு நாடுகளில் எட்டு மருத்துவமனைகளில் சோதித்தபோது இறப்பு 1.5 சதவீதத்திலிருந்து 0.8 ஆகவும், சிக்கல்கள் 11 சதவீதத்திலிருந்து 7 ஆகவும் குறைந்தன. ஒரு தாள் இவ்வளவு செய்யுமா என்று எல்லோரும் வியந்தோம். பிறகு கனடாவின் ஒன்டாரியோ மாகாணத்தில் 101 மருத்துவமனைகளில் அதையே கொண்டுவந்தார்கள். 2 லட்சத்துக்கும் அதிகமான அறுவை சிகிச்சைகளை வைத்துப் பார்த்தபோது இறப்பு 0.71 சதவீதத்திலிருந்து 0.65 ஆனது, அவ்வளவுதான். குறிப்பிட்டுச் சொல்லும்படியான மாற்றம் இல்லை என்று 2014இல் முடிவு வந்தது. இதற்குப் பல விளக்கங்கள் சொல்கிறார்கள். அந்த மாகாணத்தில் இறப்பு முன்பே குறைவு, பார்த்த காலமும் குறைவு. எனக்கு நேரில் தெரிந்த விளக்கம் ஒன்று உண்டு. மருத்துவர் கை கழுவிக்கொண்டிருக்கும்போதே "டைம் அவுட் முடிந்தது" என்று டிக் அடித்த தாள்களை நான் நூற்றுக்கணக்கில் பார்த்திருக்கிறேன். சிலவற்றில் டிக் அடித்த கை என்னுடையது.

அந்தப் பட்டியலில் எனக்கு மிகவும் பிடித்த வரி, கத்தி வைக்கும் முன் அறையில் இருக்கும் ஒவ்வொருவரும் தன் பெயரையும் வேலையையும் சொல்ல வேண்டும் என்பது. பல இடங்களில் இதைத்தான் முதலில் வெட்டுகிறார்கள். தினமும் பார்க்கிற முகங்கள்தானே என்பார்கள். ஆனால் ஒருமுறை எல்லோர் முன்னாலும் குரல் வெளியே வந்துவிட்டால் இரண்டாம் முறை வருவது எளிது. முதல் நாள் வந்த மாணவிக்கு இது எவ்வளவு பெரிய விஷயம் என்று மூத்தவர்கள் மறந்துவிடுகிறோம்.

கடுமையான பேச்சு நோயாளியைத் தொடுவதில்லை என்று நினைப்பவர்களுக்காக ஒன்று. 2015இல் வெளியான ஓர் இஸ்ரேலிய ஆய்வில், பச்சிளங்குழந்தைத் தீவிர சிகிச்சைக் குழுக்கள் 24ஐப் பயிற்சிப் பொம்மையில் வேலை செய்யச் சொன்னார்கள். சில குழுக்களிடம் மட்டும், வெளிநாட்டு நிபுணர் ஒருவர் அந்த நாட்டு மருத்துவத்தின் தரம் பற்றி மட்டமாகப் பேசினார். அவர்களைத் திட்டக்கூட இல்லை. அதைக் கேட்ட குழுக்கள் நோயைக் கண்டறிவதிலும் கைவேலையிலும் பின்தங்கின. ஒருவரிடம் ஒருவர் உதவி கேட்பதும், தெரிந்ததைப் பகிர்வதும் குறைந்தன. நடுங்கும் கையோடு நூல் கோத்துக்கொண்டிருந்த அன்று என் கவனம் நோயாளியிடம் எவ்வளவு இருந்தது என்று எனக்குத் தெரியும்.

அறுவை மருத்துவர்களை வில்லன்களாக்கி இதை எழுதவில்லை. அவர்களுடைய கை ஒரு மனிதரின் உடம்புக்குள் இருக்கிறது. ரத்தக்குழாய் ஒன்றைப் பிடித்துக்கொண்டிருக்கும் நொடியில் பின்னாலிருந்து ஒரு குரல் கேட்டால் எரிச்சல் வரத்தான் செய்யும். ஏதாவது நடந்தால் உறவினர்கள் முன்னால் போய் நிற்க வேண்டியவரும் அவர்தான். காலையிலிருந்து ஐந்தாவது கேஸ், இன்னும் இரண்டு காத்திருக்கின்றன, நிர்வாகம் நேரத்தைக் கேட்கிறது. அன்று என்னிடம் அப்படிப் பேசியவர் முந்தின இரவு முழுக்க ஓர் அவசர கேஸில் நின்றவர் என்று பின்னர் அறிந்தேன். அவரிடம் யாரும் "நீங்கள் தூங்கினீர்களா" என்று கேட்டிருக்கமாட்டார்கள். அவர் பயிற்சிக் காலத்தில் யாரிடமிருந்து என்னென்ன பேச்சு வாங்கினாரோ, அதுவும் சேர்ந்துதான் என்மேல் விழுந்தது.

வேறு விதமாகவும் ஒருவரைப் பார்த்தேன், அதனால்தான் இந்தத் தொழிலில் இன்னும் இருக்கிறேன். இடம் மாறிப் போன பிறகு ஒரு பெண் அறுவை மருத்துவரோடு வேலை செய்தேன். கேஸ் தொடங்கும் முன் தினமும் ஒரு வாக்கியம் சொல்வார்: "நான் கவனிக்காததை நீங்க பார்த்தா உடனே சொல்லுங்க, தப்பா இருந்தாலும் பரவாயில்லை." முதலில் இது சடங்கு என்றே நினைத்தேன். ஒரு நாள் கர்ப்பப்பை அகற்றும் கேஸில் காஸ் என்ற சிறு ஒற்றுத்துணி ஒன்று குறைவதாக எனக்குக் கணக்கு வந்தது. பழைய நிச்சயச் சட்டம் உள்ளே எழுந்தது. எண்ணினேன், மறுபடி எண்ணினேன், எதுவும் சொல்லாமல் மூன்றாவது முறையும் எண்ணினேன். அவரே நிமிர்ந்து பார்த்து, "என்ன சிஸ்டர், ஏதோ யோசிக்கிறீங்க?" என்றார். "மேடம், ஒரு காஸ் இடிக்குது." உடனே கையை நிறுத்தினார். "சரி, தேடுவோம்."

காஸ் என் டிராலியிலேயே, கிட்னி ட்ரேயின் அடியில் இருந்தது. ஏழு நிமிடம் போயிருந்தது. கண்ணை மூடிக்கொள்ளத் தோன்றியது. அவர், "கிடைச்சுதா? நல்லது. மூடலாமா?" என்றார். அவ்வளவுதான். தையல் போட்டுக்கொண்டே, மேலே பார்க்காமல், "அடுத்த தடவை மூணு தடவை எண்ணாதீங்க, முதல் தடவையே சொல்லுங்க" என்று மட்டும் சேர்த்துக்கொண்டார். வீட்டுக்குப் போகும் வழியெல்லாம் அழுதேன். எதற்கு என்று அப்போது எனக்கே விளங்கவில்லை. அந்த ஹெர்னியா நோயாளிக்காக என்று இப்போது தெரிகிறது.

இப்போது நான் மூத்தவள். என்மீது பயம் வைத்திருக்கும் இளம் நர்ஸுகள் இருக்கிறார்கள் என்பதை ஏற்றுக்கொள்ளச் சில காலம் ஆயிற்று. போன மாதம் புதிதாகச் சேர்ந்த பெண் ஸ்க்ரப் செய்தாள், நான் வெளியே. மூடும் நேரம். மருத்துவர் ஊசி கேட்டுக் கையை நீட்டிவிட்டார். அவள், "சிஸ்டர்... பதினாலுதான் இருக்கு" என்றாள். பலகையில் பதினைந்து. எனக்கு உறுதியாகத் தெரியும், பதினைந்தும் இருந்தன, என் கண்ணால் பார்த்தேன். "நல்லா எண்ணும்மா" என்று நாக்கு நுனி வரை வந்துவிட்டது. அந்தக் குரல், பல வருடங்களுக்கு முன் கேட்ட அதே சாதாரணக் குரல், என் தொண்டையில் தயாராக இருந்தது. விழுங்கினேன்.

"சார், ஒரு நிமிஷம், எண்ணிட்டு மூடலாம்" என்று மருத்துவரிடம் சொல்லிவிட்டு, வாளியைக் கொட்டி அவளோடு சேர்ந்து வாய்விட்டு எண்ணினேன். பதினைந்து இருந்தன. அவள் முகம் வெளுத்துப்போனது. "பதினஞ்சு சரியா இருக்கு சார், மூடலாம்" என்றேன். "ஓகே" என்று அவர் ஊசியை வாங்கிக்கொண்டார். யாரும் வேறெதுவும் பேசவில்லை.

அடுத்த கேஸ் தொடங்கியது. மாப் கட்டைப் பிரித்து, ஒவ்வொன்றாகத் தூக்கிக் காட்டி அவள் எண்ண ஆரம்பித்தாள். ஒண்ணு, ரெண்டு, மூணு. அறையின் அந்தக் கோடியில் மானிட்டர் பக்கம் உட்கார்ந்திருந்த மயக்க மருந்து மருத்துவர் நிமிர்ந்து பார்க்கும் அளவுக்குச் சத்தமாக எண்ணினாள்.